டியூப்லைட் எரியலையா? புது டியூப் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

டியூப்லைட் எரியலைன்னா நிறைய வீட்ல நடக்குறது ஒண்ணுதான், டியூப் போயிருச்சுன்னு முடிவு பண்ணி கடைக்குப் போய் புதுசு வாங்கிட்டு வந்து மாட்டிருவாங்க, பாதி நேரம் அதுவும் எரியாது, சில நேரம் மாட்டுன உடனே ரெண்டு முனையிலயும் பளிச்சுன்னு ஒரு வெட்டு வெட்டிட்டு புது டியூப்பும் சேர்ந்து காலி ஆயிரும். இத்தனைக்கும் அந்த செட்ல இருக்குறது டியூப், ஸ்டார்ட்டர், சோக், ரெண்டு ஹோல்டர், நடுவுல கொஞ்சம் வயர், அவ்வளவுதான். எது கெட்டுப்போச்சோ அதுக்குத் தகுந்த மாதிரி லைட் வேற வேற விதமா நடந்துக்கும். சுவிட்சைப் போட்டுட்டு பத்து செகண்ட் நின்னு பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுரும். கையில மல்டிமீட்டர் (கரண்ட், கனெக்ஷன் எல்லாம் அளந்து பார்க்குற கருவி) இல்லாதவங்களும் கண்டுபிடிக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

இங்க சொல்றது நம்ம வீடுகள்ல இருக்குற 4 அடி டியூப், அதாவது 40 வாட் குண்டு டியூப் இல்லன்னா 36 வாட் ஒல்லி டியூப், கூடவே கனமான காப்பர் சோக், ஒரு ஸ்டார்ட்டர் இருக்குற பழைய செட். எலக்ட்ரானிக் சோக் போட்ட செட்டைப் பத்தி பின்னாடி தனியா சொல்றேன்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

சுவிட்சை ஆஃப் பண்ணிட்டா போதும்னு நினைக்காதீங்க. பழைய வீடுகள்ல நிறைய இடத்துல வயரிங் மாறிப்போய் சுவிட்ச் நியூட்ரல்ல (கரண்ட் திரும்பிப் போற வயர்ல) உக்காந்திருக்கும், சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் செட்டுக்குள்ள ஃபேஸ் (கரண்ட் வர்ற வயர்) வந்து நின்னுட்டே இருக்கும், தொட்டா ஷாக்தான். அதனால அந்த ரூமோட எம்.சி.பி.யை, அதாவது மெயின் பாக்ஸ்ல இருக்குற டிரிப் சுவிட்சை இறக்குங்க. பழைய ஃபியூஸ் கேரியரா இருந்தா அதைப் புடுங்கி உங்க சட்டைப் பையிலயே வெச்சுக்கோங்க, பாக்ஸ் மேலயே வெச்சா நீங்க ஸ்டூல் மேல நிக்கும்போது வீட்ல யாராவது நல்ல எண்ணத்துல திருப்பி மாட்டிருவாங்க.

இதைவிட முக்கியம் இன்வெர்ட்டர். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா மெயினை ஆஃப் பண்ண உடனே அது முழிச்சுக்கிட்டு அதே லைட் லைனுக்கு 230 வோல்ட் அனுப்ப ஆரம்பிச்சுரும். மெயின் ஆஃப்ல தான இருக்குன்னு தைரியமா கை வெச்சு ஷாக் வாங்குறது இப்படித்தான். இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணுங்க, அதுக்கு அப்புறமும் டெஸ்டர் வெச்சு ஒருக்கா பார்த்துருங்க. அந்த டெஸ்டர் வேலை செய்யுதான்னு முதல்லயே கரண்ட் இருக்குற ஒரு பிளக்ல குத்திப் பார்த்துக்கணும், பழுதான டெஸ்டர் கரண்ட் இல்லன்னுதான் காட்டும்.

அப்புறம் ஃபேனை நிறுத்துங்க. 4 அடி டியூப்பைக் கழட்டி திருப்பும்போது ஓடுற ஃபேன்ல பட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. இரும்பு நாற்காலி, அலுமினிய ஏணி வேண்டாம், மர ஸ்டூல் போதும், கீழ ஒருத்தர் பிடிச்சுக்கட்டும், கையும் தரையும் காஞ்சு இருக்கட்டும். சுவரெல்லாம் ஈரம் ஊறியிருக்கிற மழைக்காலத்துல பாத்ரூம் லைட், மாடிப்படி லைட்டை எல்லாம் நீங்களா நோண்டாம ஆளை வெச்சுப் பார்க்குறதுதான் நல்லது.

உள்ள என்ன நடக்குது

இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா விளங்கும். கரண்ட் போற வழி இதுதான்: சுவிட்ச்ல இருந்து ஃபேஸ் சோக்குக்குள்ள போகும், சோக்ல இருந்து டியூப்போட ஒரு முனையில இருக்குற ஃபிலமென்ட் (மெல்லிய கம்பிச் சுருள்), அங்கிருந்து ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டர்ல இருந்து அந்தப் பக்க முனையோட ஃபிலமென்ட், அப்புறம் நியூட்ரல். எல்லாம் ஒரே சங்கிலி. எங்க ஒரு இடத்துல அறுந்தாலும் மொத்தமும் செத்துரும்.

சுவிட்ச் போட்ட உடனே ஸ்டார்ட்டருக்குள்ள இருக்குற சின்ன கண்ணாடிக் குமிழ்ல ஒரு மினுக்கு வரும், அந்த சூட்டுல உள்ள இருக்குற ரெட்டை உலோகப் பட்டை வளைஞ்சு ஒட்டிக்கும், ஒட்டுன உடனே கரண்ட் ரெண்டு ஃபிலமென்ட்லயும் ஓடி முனைகள் சிவக்கும். பட்டை ஒட்டுனதும் குமிழ்ல மினுக்கு நின்னுரும்ல, அதனால ஒண்ணு ரெண்டு செகண்ட்ல ஆறி பட்டை விலகும். அது விலகுற அந்த நொடியில சோக் ஒரு உதை உதைக்கும் பாருங்க, பல நூறு வோல்ட் வரும், அதுலதான் டியூப்புக்குள்ள இருக்குற வாயு பத்திக்கிட்டு எரிய ஆரம்பிக்குது. எரிஞ்சதுக்கு அப்புறம் டியூப் எடுத்துக்குறது 100 வோல்ட் சொச்சம்தான், அது ஸ்டார்ட்டரை மறுபடி எழுப்பப் பத்தாது, அதனால ஸ்டார்ட்டர் சும்மா கிடக்கும். எரியுற டியூப்ல இருந்து ஸ்டார்ட்டரைக் கழட்டுனாலும் லைட் எரிஞ்சுட்டேதான் இருக்கும். சோக் மட்டும் கடைசி வரைக்கும் கரண்ட்டை அளவா விட்டுக்கிட்டு காவல் நிக்கும், அது இல்லாம நேரா 230 வோல்ட் பாய்ஞ்சா டியூப் தாங்காது. இந்த சோக் விஷயத்தை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

லைட் எப்படி நடந்துக்குதுன்னு பாருங்க

ரெண்டு முனையும் நல்லா சிவந்து நிக்குது, நடுவுல மட்டும் எரியலை, விட்டு விட்டு அடிக்கவும் இல்லை, அப்படின்னா அது கிட்டத்தட்ட ஸ்டார்ட்டர்தான். உள்ள இருக்குற பட்டை ஒட்டுனது ஒட்டுனபடியே நின்னுருச்சு, இல்லன்னா அதுக்குள்ள இருக்குற குட்டி கெப்பாசிட்டர் ஷார்ட் ஆயிருச்சு. இதை அப்படியே எரிய விடாதீங்க, முனை சிவந்துக்கிட்டே இருந்தா நல்ல டியூப்போட ஆயுசும் கரைஞ்சு போகும். உடனே ஆஃப் பண்ணி, ஸ்டார்ட்டரை இடப்பக்கமா ஒரு கால் சுத்து திருப்பி உருவிட்டு வேற ஒண்ணு போடுங்க. ஸ்டார்ட்டரைக் கழட்டுன அப்புறமும் முனை சிவந்து நின்னா தப்பு ஸ்டார்ட்டர் மேல இல்ல, அந்த ஸ்டார்ட்டர் ஹோல்டருக்குப் போற ரெண்டு வயரும் எங்கயோ ஒண்ணோட ஒண்ணு உரசுது.

சில பழைய எலக்ட்ரீஷியன்கள் கடை மூடியிருக்குற நேரத்துல ஸ்டார்ட்டர் டப்பாவைத் திறந்து அந்த ஷார்ட் ஆன கெப்பாசிட்டரை மட்டும் வெட்டிவிட்டு எரிய வெப்பாங்க, எரியத்தான் செய்யும், ரேடியோவுல கொர கொரன்னு சத்தம் வரும், ஒரு ராத்திரிக்கு ஓகே. ஆனா ஸ்டார்ட்டர் இல்லாம ரெண்டு வயரைத் தொட்டுத் தொட்டு எடுக்குறது மட்டும் செய்யவே செய்யாதீங்க. சோக் உதைக்கிற அந்தப் பல நூறு வோல்ட் உங்க விரல் நுனியிலதான் வந்து நிக்கும்.

பளிச் பளிச்சுன்னு அடிச்சுட்டே இருக்குது, பத்திக்க மாட்டேங்குது. இதுக்கு மூணு காரணம் இருக்கலாம், டியூப் கிழடாயிருச்சு, ஸ்டார்ட்டர் தளர்ந்துருச்சு, இல்லன்னா வோல்டேஜ் கம்மி. டியூப் முனையைப் பாருங்க. ரெண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு கன்னங்கரேல்னு ஆயிருந்தா ஃபிலமென்ட் மேல பூசியிருக்கிற பூச்சு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம், டியூப் மாத்துங்க. ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமா உதிரும், அதனாலதான் பாத்ரூம்ல அடிக்கடி போட்டு அணைக்கிற டியூப் ஹால்ல ராத்திரி பூரா எரியுற டியூப்பைவிட சீக்கிரம் கருக்குது. லேசா சாம்பல் நிறம் மட்டும் இருந்தா பரவாயில்லை, அதை வெச்சு டியூப்பைத் தூக்கிப் போட்டுறாதீங்க, முதல்ல ஸ்டார்ட்டரை மாத்திப் பாருங்க. ஒரு டீ வடை காசுக்குக் கிடைக்கிற பொருள் அது. டியூப்லைட் இருக்குற வீட்ல ரெண்டு ஸ்டார்ட்டர் எக்ஸ்ட்ரா இருக்குறது நல்லது.

வோல்டேஜ் கம்மின்னா எப்படித் தெரியும்? சாயங்காலம் 7 மணிக்கு அடிச்சுட்டே இருக்கும், ராத்திரி 11 மணிக்கு அதே லைட் ஒரே போடுல எரியும், ஃபேனும் அந்த நேரத்துல மெதுவா சுத்தும். காப்பர் சோக் செட்டுக்கு 170, 180 வோல்ட்டுக்குக் கீழ போனா எடுக்குறது ரொம்பக் கஷ்டம். கிராமத்துல பம்புசெட் மோட்டார் ஓடுற நேரத்துல இதைப் பார்க்கலாம். அங்க டியூப்பையும் ஸ்டார்ட்டரையும் எத்தனை மாத்துனாலும் பிரயோஜனம் இல்ல. தெரு முழுக்க இப்படின்னா ஈ.பி.யில சொல்லணும், உங்க வீட்ல மட்டும்னா உங்க சர்வீஸ் வயர், மெயின்ல எங்கயோ லூஸ் கனெக்ஷன் இருக்கு, அதை சும்மா விடக்கூடாது, சூடாகி கருகுறது அங்கதான். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊர்லயும் காலையில டியூப் எடுக்க நேரமாகும், அது குளிரால, பழுது இல்ல.

ஒரு முனை மட்டும் சிவக்குது, இன்னொரு முனை இருட்டா இருக்குது. இதுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. கரண்டை நிறுத்திட்டு டியூப்பைக் கழட்டி, இடது முனை வலதுக்குப் போற மாதிரி அப்படியே மாத்தி மாட்டுங்க. இப்போ இருட்டும் டியூப்போட சேர்ந்து பக்கம் மாறுச்சுன்னா டியூப்ல தப்பு. இருட்டு முன்ன இருந்த அதே பக்கத்துலயே நின்னா டியூப் நல்லாருக்கு, அந்தப் பக்க ஹோல்டர்லயோ அதுக்குப் போற வயர்லயோதான் ஷார்ட். காசு செலவு இல்லாத சோதனை, ஏனோ யாரும் செய்யுறதில்ல.

புது டியூப்புக்குள்ள வெளிச்சம் பாம்பு மாதிரி நெளியுதுன்னு பயந்து கடையில திருப்பிக் குடுக்குறாங்க, அது தேவையில்ல, கொஞ்ச நேரம் எரிஞ்சா பெரும்பாலும் தானா அடங்கிரும், அடங்கலைன்னா ஒருக்கா அணைச்சுப் போடுங்க. பழைய டியூப் முழு நீளமும் எரிஞ்சு ஆனா மங்கலா ரோஸ் நிறத்துல இருந்தா அதுக்குள்ள பாதரசம் வேலை செய்யலைன்னு அர்த்தம், அந்த டியூப்பை மாத்திர வேண்டியதுதான்.

ஒண்ணுமே நடக்கலைன்னா

ஒரு மினுக்கு கூட இல்ல, செத்த மாதிரி கிடக்குது. இதுலதான் பொறுமையா ஒண்ணொண்ணா போகணும். அதே சுவிட்ச் போர்டுல மத்ததுக்கு கரண்ட் வருதா பாருங்க. வருதுன்னா மெயினையும் இன்வெர்ட்டரையும் நிறுத்திட்டு டியூப்பைக் கையால பிடிச்சு லேசா முன்னும் பின்னும் திருப்பி திரும்பவும் சரியா உக்கார வைங்க, முனையில இருக்குற ரெண்டு பின்னும் ஹோல்டருக்குள்ள நேரா நுழைஞ்சு அப்புறம் கால் சுத்து திரும்பி கிளிக்குன்னு நிக்கணும். ஸ்டார்ட்டரையும் அதே மாதிரி வலப்பக்கம் திருப்பி இறுக்குங்க. செத்துப்போச்சுன்னு சொல்ற டியூப்லைட்ல கணிசமானது இங்கயே எரிஞ்சுரும்.

பொங்கலுக்கு வெள்ளை அடிச்ச மறுநாள் லைட் எரியலைன்னா வேற எங்கயும் தேடாதீங்க. பெயின்டர் டியூப்பைக் கழட்டி வெச்சுட்டு சுண்ணாம்பை ஹோல்டருக்குள்ளயும் சேர்த்து அடிச்சிருப்பாரு, இல்லன்னா மாட்டும்போது ஒரு பின் வெளிய நிக்கும். கடலோரத்து ஊர்ல, உப்புக்காத்து அடிக்கிற வீட்ல, ஹோல்டர் பித்தளைத் தகட்டுல பச்சையா களிம்பு பிடிச்சிருக்கும். கரண்ட் இல்லங்குறதை உறுதி பண்ணிட்டு உப்புத்தாளைச் சின்னதா மடிச்சு அந்தத் தகட்டையும் டியூப் பின்னையும் தேய்ங்க. ஸ்டார்ட்டர் ஹோல்டருக்குள்ள குளவி மண்ணை அப்பி வெச்சிருக்கும், செட்டுக்குள்ள பல்லி செத்துக் கிடக்கும், இதெல்லாம் தினசரி பார்க்குறது. பிளாஸ்டிக் ஹோல்டர் வெயில்லயும் சூட்டுலயும் மொறுமொறுன்னு ஆகி கைபட்டா உடையும், அப்படி இருந்தா ஒட்ட வெச்சு ஓட்டாதீங்க, புது ஜோடி வாங்கி மாத்துங்க.

இதுக்கும் எரியலைன்னா ஸ்டார்ட்டர் மாத்திப் பாருங்க. ஸ்டார்ட்டர் மேல எத்தனை வாட்டுக்குன்னு போட்டிருக்கும். 4 முதல் 65 வாட்டுன்னோ 80 வாட்டுன்னோ இருக்குறதுதான் 4 அடி டியூப்புக்கு. ஒரே சோக்ல ரெண்டு 2 அடி டியூப் வரிசையா ஓடுற ஆபீஸ் செட்டுக்கு 4 முதல் 22 வாட்டுன்னு வேற ஸ்டார்ட்டர் இருக்கு, அதை இதுல மாத்திப் போட்டா சரியா நடக்காது.

அடுத்தது டியூப். இங்கதான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது வருது. சந்தேகப்படுற டியூப்பைக் கழட்டி, வீட்ல நல்லா எரியுற வேற ஒரு செட்டுல மாட்டிப் பாருங்க. நல்ல டியூப்பைக் கொண்டு வந்து இந்தக் கெட்ட செட்டுல மாட்டாதீங்க. எல்லாரும் செய்யுறது ரெண்டாவது, ஏன்னா அதுதான் கைக்கு சுலபம். ஆனா இந்த செட்டோட சோக் ஷார்ட் ஆகியிருந்தா, ஸ்டார்ட்டர் ஒட்டுன அந்த நொடியிலயே மொத்தக் கரண்டும் ஃபிலமென்ட்ல பாய்ஞ்சு நல்ல டியூப் கண்ணு முன்னாடி போயிரும். புது டியூப் மாட்டுன உடனே பளிச்சுன்னு வெட்டிட்டுப் போச்சுன்னு சொல்றாங்களே, அது டியூப் கம்பெனி தப்பு இல்ல, பெரும்பாலும் சோக்தான். அப்படி ஒரு டியூப் போச்சுன்னா ரெண்டாவதை மாட்டவே மாட்டாதீங்க, அதுவும் போகும்.

மல்டிமீட்டர் இருந்தா டியூப்பை வேற செட்டுக்குத் தூக்கிட்டுப் போகவே வேண்டாம். ஒரு முனையில இருக்குற ரெண்டு பின்லயும் மீட்டரை வைங்க, சில ஓம் காட்டணும், பீப் சத்தம் வரணும். அடுத்த முனையிலயும் அதே மாதிரி. எந்த முனையில ஒண்ணும் காட்டலையோ அங்க ஃபிலமென்ட் அறுந்திருக்கு. ஒரு முனை பின்னுக்கும் மறு முனை பின்னுக்கும் நடுவுல வெச்சுப் பார்த்து கனெக்ஷன் இல்லைன்னு சொல்லாதீங்க, நடுவுல இருக்குறது வெறும் வாயு, அங்க காட்டவே காட்டாது.

சோக் சோதனை

சோக் ரெண்டு விதமா கெடும். ஒண்ணு உள்ள கம்பி அறுந்துரும், அப்போ லைட்ல எந்த அசைவும் இருக்காது, வேற எந்தக் கெடுதலும் இல்ல. இன்னொண்ணு உள்ள சுத்து சுத்தா ஷார்ட் ஆகுறது, இதுதான் மோசம். கருகுன வாடை, தார் மாதிரி ஒழுகியிருக்கிறது, தொட முடியாத சூடு, முன்னைவிட ஜாஸ்தி ரீங்காரம், டியூப் அடிக்கடி போறது, இதெல்லாம் அதுக்கு அடையாளம். நல்ல சோக்கும் சூடாகும், லேசா ம்ம்ம்னு சத்தமும் போடும். சத்தம் மட்டும்தான் பிரச்சினைன்னா முதல்ல சோக்கை ஃபிரேம்ல பிடிச்சிருக்கிற ஸ்க்ரூவை இறுக்குங்க, பாதி குறைஞ்சுரும். கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் சத்தம் கூடுச்சுன்னா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரால (ஈ.பி. கரண்ட் மாதிரி வழவழன்னு இல்லாம வெட்டு வெட்டா கரண்ட் குடுக்குற வகை) வர்றது, சோக் மேல தப்பு இல்ல.

மீட்டர்ல பார்த்தா நல்ல காப்பர் சோக் சில பத்து ஓம் காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா அறுந்தது, சுழியம் பக்கத்துல காட்டுனா ஷார்ட். ஆனா பாதி சுத்து மட்டும் ஷார்ட் ஆனதை மீட்டர் தெளிவாக் காட்டாது, அதுக்கு சீரிஸ் பல்புதான் சரி. 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை சோக்கோட வரிசையா மாட்டி கரண்ட் குடுத்தா, சோக் நல்லாருந்தா பல்பு மங்கலா எரியும், ஷார்ட்னா சோக்கே இல்லாத மாதிரி முழுசா பளீர்னு எரியும், அறுந்திருந்தா எரியாது. பழைய இழை பல்பாதான் இருக்கணும், எல்.ஈ.டி. பல்புல இந்த வித்தியாசம் தெரியாது. கரண்டோட செய்யுற வேலைங்கிறதால பழக்கம் இல்லாதவங்க இதை வீட்ல முயற்சி பண்ண வேண்டாம், சோக்கைக் கழட்டி எலக்ட்ரிக்கல் கடைக்குக் கொண்டு போங்க, நிறைய கடையில டேபிள் மேலயே டெஸ்ட் போர்டு இருக்கும், நீங்க நிக்கும்போதே பார்த்துச் சொல்லிருவாங்க. புது சோக் வாங்கும்போது 36/40 வாட்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க, 2 அடி டியூப்புக்கு 18/20 வாட் சோக் தனி, பெரிய சோக்கை சின்ன டியூப்புக்குப் போட்டா டியூப் சீக்கிரம் கருகும்.

இரும்பு ஃபிரேமைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னா சோக்கோட இன்சுலேஷன் போய் பாடிக்கு கரண்ட் கசியுது, இல்லன்னா வயர் எங்கயோ ஃபிரேம்ல உரசுது. லைட் நல்லா எரிஞ்சாலும் சரி, அந்த செட்டை அன்னிக்கே நிறுத்துங்க. ஃபிரேமுக்கு எர்த் வயர் குடுத்திருக்கான்னும் பாருங்க, பெரும்பாலான வீட்ல குடுத்திருக்கவே மாட்டாங்க.

எலக்ட்ரானிக் சோக் போட்டிருந்தா

இதுல ஸ்டார்ட்டர் கிடையாது. பழைய ஸ்டார்ட்டர் ஹோல்டர் ஃபிரேம்ல சும்மா தொங்கிட்டிருக்கும், அதுல ஸ்டார்ட்டரைப் போட்டு பயன் இல்ல. டியூப் நல்லா இருக்குன்னு வேற செட்டுல தெரிஞ்சு, ஹோல்டர், வயர் எல்லாம் சரியா இருந்து, இங்க மட்டும் எரியலைன்னா சோக்கை மாத்துறதுதான் வழி. உள்ள பெரும்பாலும் கெப்பாசிட்டர் வீங்கியிருக்கும், இல்ல டிரான்சிஸ்டர் போயிருக்கும், எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்க மாத்திக்கலாம், மத்தவங்களுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்ல. வயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி கலர் தெரியுற மாதிரி மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, எந்த ஜோடி எந்த முனைக்குப் போகுதுங்குறது முக்கியம். கம்மி வோல்டேஜ்ல எடுக்குறதுக்கு இது காப்பர் சோக்கைவிட நல்லது, சத்தமும் இருக்காது. ஆனா ரொம்ப மலிவானது வாங்காதீங்க, மின்னல் இடி ஒண்ணு வந்தா முதல்ல போறது அதுதான்.

ஃபிலமென்ட் அறுந்த டியூப்பைக் கூட எரிய வெக்கிற சோக்னு சிலது விக்கிறாங்க, ஒரு முனையோட ரெண்டு பின்னையும் ஒண்ணா சேர்த்து நேரா வோல்டேஜ் குடுத்து எரிய வெக்கிற வேலை அது. கொஞ்ச நாள் எரியும், முனை ரொம்ப சூடாகி ஹோல்டர் உருகும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

போன டியூப்பை என்ன செய்யுறது

உள்ள பாதரசம் இருக்கு, கொஞ்சம்தான், சில மில்லிகிராம், ஆனா அது உடம்புக்குள்ள போகக்கூடாத பொருள். பசங்க அதை எடுத்து சுவர்ல அடிச்சு டப்புன்னு வெடிக்க வெச்சு விளையாடுறதைப் பார்த்தா தயவு செஞ்சு தடுங்க. வீட்ல உடைஞ்சுருச்சுன்னா ஜன்னலைத் திறந்து விட்டுட்டு கால் மணி நேரம் எல்லாரும் வெளிய இருங்க, விளக்குமாத்தால கூட்டாதீங்க, வேக்கும் கிளீனர் வேண்டவே வேண்டாம், அது ஆவியையும் தூளையும் ரூம் முழுக்கப் பரப்பும். கெட்டியான அட்டையால வழிச்சு எடுத்து, மிச்சத் தூளை டேப்ல ஒட்டி எடுத்து, ஈரத்துணியால துடைச்சு, எல்லாத்தையும் மூடி போட்ட டப்பாவுல போட்டுருங்க. முழு டியூப்பை புதுசு வந்த அட்டைக் கூட்டுலயே திரும்பச் சொருகி வெச்சா உடையாது. 2016 மின்னணுக் கழிவு விதிகள்லயே பாதரசம் இருக்குற விளக்குகளையும் சேர்த்தாச்சு, அதனால மின்னணுக் கழிவு வாங்குற இடம், இல்ல மாநகராட்சி அபாயக் கழிவு வாங்குற நாள்ல தனியாக் குடுங்க, குப்பைத் தொட்டியில செருகி வெச்சா அதை அள்ளுற துப்புரவுப் பணியாளர் கையிலதான் உடையும்.

மாத்துறதா, சரி பண்ணுறதா

ஸ்டார்ட்டர், ஹோல்டர் அளவுல முடியுற பழுதுன்னா சரி பண்ணி ஓட்டுங்க. சோக்கே போயிருந்தா நான் எல்.ஈ.டி.க்கு மாறச் சொல்வேன். 40 வாட் டியூப் காப்பர் சோக் தின்னுறதோட சேர்த்து 50 வாட்டுக்கு மேல இழுக்கும், எல்.ஈ.டி. 20 வாட்ல அதே ரூமுக்கு வெளிச்சம் குடுக்கும், தினம் 6 மணி நேரம் எரிச்சா 2 மாச ஈ.பி. கணக்குல ஒரு லைட்டுக்கு 11 யூனிட் பக்கம் குறையும். பாதரச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையில சேர்ந்த நாடுகள் 2023ல கூடி, நீள டியூப்களோட தயாரிப்பு, ஏற்றுமதி, இறக்குமதியை 2027க்குள்ள நிறுத்துறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, அதனால போகப் போக டியூப் கிடைக்கிறதும் குறையும்.

புது எல்.ஈ.டி. பட்டையா வாங்கி பழைய ஃபிரேமைக் கழட்டிப் போட்டா வேலை சுலபம். பழைய ஃபிரேம்லயே எல்.ஈ.டி. டியூப் மாட்டணும்னா ரெண்டு வகை இருக்கு. சிலதுக்குக் கூடவே டம்மி ஸ்டார்ட்டர் ஒண்ணு வரும், காப்பர் சோக்கை அப்படியே விட்டுட்டு பழைய ஸ்டார்ட்டருக்குப் பதிலா அதைப் போட்டா போதும். இன்னொரு வகைக்கு சோக், ஸ்டார்ட்டர் ரெண்டையும் கழட்டிட்டு நேரா ஃபேஸும் நியூட்ரலும் குடுக்கணும். அதுல ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் ஒரே முனைக்கு வர்ற டியூப்பைக் கேட்டு வாங்குங்க. ஒரு முனைக்கு ஃபேஸ், மறு முனைக்கு நியூட்ரல்னு இருக்குறதை கரண்டோட மாட்டும்போது, ஒரு பக்கம் உள்ள போய் மறு பக்கம் உங்க கையில இருக்குற நேரத்துல அந்தக் கைப்பக்கத்துப் பின்ல கரண்ட் வர வாய்ப்பிருக்கு.

நேரா வயரிங் மாத்துன ஃபிரேம்ல இனிமே பழைய டியூப் மாட்டக்கூடாது, ஒரே முனைக்கு ரெண்டு வயரும் போன ஃபிரேம்ல சோக் இல்லாம 230 வோல்ட்டும் அந்த ஒரு ஃபிலமென்ட்லயே பாய்ஞ்சு ஷார்ட் ஆயிரும். நீங்க ஊர்ல இல்லாத நாள்ல வேற யாராவது பரண்ல கிடக்குற பழைய டியூப்பை எடுத்து மாட்டிறாம இருக்க, ஃபிரேம் மேல மார்க்கர்ல எல்.ஈ.டி. மட்டும், சோக் இல்லைன்னு பெருசா எழுதி விட்டுட்டு ஸ்டூலை விட்டு இறங்குங்க.